செகண்ட் ஹேண்ட் கார்பன்: வாங்கலாமா அண்ணா?

போன வாரம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவன் ஆபீஸில் என் பக்கத்து சீட் தம்பி. சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து ஆறு மாசம்தான் ஆகிறது. எனக்கு ஆறு வருஷத்தில் பிடித்த பித்து அவனுக்கு அதற்குள் பிடித்துவிட்டது. போட்டோவில் ஒரு கார்பன் ஹேண்டில்பார், ஒரு ஃபோர்க், ஒரு ஜோடி கார்பன் வீல். கீழே செய்தி: "அண்ணா, மூணும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் சொல்றாங்க. புதுசுன்னா ஒரு லட்சத்துக்கு மேல ஆகுமாம். காலையில அட்வான்ஸ் போடணும். வாங்கலாமா?"

"போடாதே. நாளைக்குப் பேசலாம்" என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து போய் அலமாரிக்கு மேலே இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். அதற்குள் என்னுடைய பழைய ஹேண்டில்பார் இருக்கிறது.

அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் திருவான்மியூரில் ஒருவரிடம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியது. பார்க்கப் புத்தம் புதுசு. "ஒரு தடவைகூட விழுந்ததில்ல சார்" என்றார். நானும் நம்பி மாட்டினேன். எட்டு மாசம் ஞாயிறுதோறும் ஈசிஆரில் மாமல்லபுரம் போய் வந்தேன். முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்றில் குனிந்து ஹேண்டிலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்ததெல்லாம் அதை வைத்துத்தான். ஒரு நாள் டேப் அழுக்காகிவிட்டது, மாற்றலாம் என்று கடைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் டேப்பை உரித்துக்கொண்டே வந்தவர், வலது பக்க பிரேக் லீவர் க்ளாம்ப் கிட்டே வந்ததும் நிறுத்திவிட்டார். "சார், கொஞ்சம் இங்க வாங்க."

க்ளாம்ப்பின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு. முடி அளவுதான். நகத்தால் வருடினால் நகம் மாட்டியது. அவர் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். "க்ரிக்" என்று ஒரு சத்தம். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதைப் பிடிச்சுக்கிட்டா இத்தனை நாள் போனீங்க?"

விற்றவருக்கு போன் போட்டேன். சண்டை பிடிக்க இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அவர் பொய் சொல்லவில்லை. "நான் விழல சார். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் விழுந்தாரான்னு நான் கேட்டுக்கல." அப்போதுதான் தெரிந்தது, நான் வாங்கியது மூன்றாம் கை. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த க்ளாம்ப்பை முறுக்கியவன் நான். டார்க் ரெஞ்ச் அப்போது என்னிடம் கிடையாது. ஆலன் கீயை வைத்து, "ஆடாம இருக்கணும்" என்று இன்னும் ஒரு அரைச்சுற்று சேர்த்து முறுக்கியிருப்பேன். முதல் சொந்தக்காரர் விழுந்ததா, இரண்டாமவர் முறுக்கியதா, நான் முறுக்கியதா? இன்றைக்குவரை தெரியாது. பழைய கார்பனில் உள்ள சிக்கல் முழுக்க இந்தத் "தெரியாது"க்குள் அடக்கம்.

ஊரில் தாத்தாவின் அட்லஸ் சைக்கிள் மாட்டுவண்டியில் மோதி ஃபோர்க் வளைந்தால் வெல்டிங் கடையில் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். இரும்பு வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் வேறு ஜாதி. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்போமே, அதுதான் அலுமினியத்தின் சாவு. ஒவ்வொரு குலுக்கலும் அதன் ஆயுளில் ஒரு துளியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். கார்பன் இந்த இரண்டிலும் சேராது. தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத இழைகள், 5 முதல் 7 மைக்ரான். அவற்றை எபாக்ஸி பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் ஒவ்வொரு கோணத்தில் அச்சுக்குள் ஒட்டி, சூட்டில் இறுக வைப்பார்கள். மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுக்கே இழுத்தால் யானை பலம். பக்கவாட்டில் நசுக்கினால் பிளந்துவிடும். ஹேண்டில்பார் எந்தப் பக்கத்திலிருந்து விசை வரும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. அந்தக் கணக்கில் நம் ஆலன் கீ அரைச்சுற்று கிடையாது.

அது உடைகிற விதம்தான் ஆளைப் பயமுறுத்துகிறது. வளையாது, நெளியாது, முன்னறிவிப்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் சொல்லும், சொல்லாமலும் போகும். பொரித்த அப்பளம் மாதிரி. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். விமானத் துறையில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரிக் கூட்டுப்பொருள்தான். ஓடுதளத்தில் ஒரு வண்டி லேசாக இடித்தால்கூட, மேலே கீறல் இல்லை என்று விட்டுவிட மாட்டார்கள். தட்டிப் பார்ப்பார்கள், அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் "அப்போ கார்பனே வேண்டாம்" என்று கிளம்பிவிடுவார்கள் சிலர். எங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலேயே ஒரு பெரியவர் உண்டு. யாராவது புது கார்பன் சைக்கிளோடு வந்தால் "பார்த்துப்பா, கண்ணாடி" என்பார். அவர் சொல்வதும் சரியில்லை. கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸை முதல் தடவை ஜெயித்தது 1986இல், லுக் கம்பெனியின் கார்பன் ஃப்ரேமில். இன்றைக்கு அந்தப் பந்தயத்தில் கார்பன் இல்லாத சைக்கிளைத் தேடினாலும் கிடைக்காது. ஒழுங்காகச் செய்து, அடிபடாமல் இருந்தால், அலுமினியம் களைத்துப்போகிற மாதிரி கார்பன் களைத்துப்போவதில்லை. வயசு அதற்கு நோயே இல்லை. பத்து வருஷப் பழைய ஃப்ரேம் நேற்று செய்ததைவிட நன்றாக இருக்கலாம், அந்தப் பத்து வருஷத்தில் அதற்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்.

அலுமினியம் என்றால் நிம்மதி என்றும் நினைத்துவிடாதீர்கள். 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில், கருங்கல் சாலையில் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் ஹிங்கேபி என்ற வீரரின் ஸ்டீரர் ட்யூப் (ஃபோர்க்கின் மேல்தண்டு) முறிந்து, ஹேண்டில்பார் தனியாகக் கையோடு வந்தது. டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. முறிந்தது கார்பன் இல்லை, அலுமினியம். அன்றைக்கே அதற்கு முன்னால் ஒரு தடவை விழுந்து எழுந்திருந்தார். 2023 செப்டம்பரில் ஷிமானோ கம்பெனி திரும்பப் பரிசோதிக்கச் சொன்ன கிராங்குகள் (பெடல் மாட்டும் கைகள்) அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6,80,000. அவையும் அலுமினியம், இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஒட்டு விட்டுப்போய்ப் பிரிந்தன. 2012 முதல் 2019 வரை வந்த அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகள் நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிறையவே சுற்றுகின்றன. வாங்குகிறவர்கள் கிராங்கின் பின்பக்கத்தில் இருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்த்து ஷிமானோ பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கார்பனும் தன் பங்குக்குக் காட்டியிருக்கிறது. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் ல சமின் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் மத்யூ வான் டெர் பூலின் ஹேண்டில்பார் ஒரு பக்கம் முறிந்து தொங்கியது. உலகத்திலேயே சைக்கிளை நன்றாக ஆளத் தெரிந்தவர்களில் ஒருவர், விழாமல் ஓட்டி முடித்தார். அந்தச் சைக்கிளைச் செய்த கேன்யன் கம்பெனி உடனே அந்த மாடல் வைத்திருந்தவர்களையெல்லாம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, பிறகு பாகத்தை மாற்றிக் கொடுத்தது. நானோ நீங்களோ அந்த இடத்தில் இருந்தால் விழாமல் ஓட்டி முடித்திருப்போமா?

இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் தரம் பிரிக்கிறேன். கார்பனா அலுமினியமா என்று பார்ப்பதில்லை. இது இப்போது உடைந்தால் நான் எங்கே போவேன் என்று பார்ப்பேன். பாட்டில் கேஜ் உடைந்தால் பாட்டில் விழும். சீட் போஸ்ட் உடைந்தால் பின்பக்கம் கிழியும், அசிங்கம்தான், ஆனால் ஹேண்டில் கையில் இருக்கும். ஃப்ரேம் பெரும்பாலும் கொஞ்சம் முனகிவிட்டுத்தான் போகும்; மிதிக்கும்போது புதுசாக ஒரு சத்தம், ஒரு நெளிவு, கவனிக்கிறவனுக்குத் தெரியும். ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் அப்படி இல்லை. முன்பக்கம் போனால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். பின்னால் லாரி வருகிறதா இல்லையா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

அதனால் தம்பிக்கு என் முதல் பதில் சுலபம். பழைய கார்பன் ஹேண்டில்பார், கார்பன் ஸ்டெம், கார்பன் ஸ்டீரர் உள்ள ஃபோர்க் மூன்றையும், விற்கிறவர் என் கூடப்பிறந்தவராக இருந்தாலொழிய வாங்க மாட்டேன். கூடப்பிறந்தவராக இருந்தாலும் அவர் எப்படி முறுக்குவார் என்று எனக்குத் தெரியும், வாங்க மாட்டேன். விழுந்தால் ஹேண்டில்பாரை மாற்றிவிடு என்று கம்பெனிக்காரர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். மாற்றினவர்கள் பழையதைக் குப்பையில் போடுவார்கள் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

முறுக்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரும்பாலான கார்பன் ஹேண்டில், சீட் போஸ்ட் போல்ட்டுகளில் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் விசை அது. அவ்வளவுதான். நம் கடைகளில் கையின் ருசிக்கு முறுக்குகிறார்கள். அந்த ருசி இரும்பு சைக்கிளில் பழகிய ருசி. வழுக்குகிறது என்றால் இன்னும் முறுக்கக் கூடாது, அதற்கென்று விற்கிற மணல் மாதிரிப் பசையைத் தடவ வேண்டும். டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். "அது எதுக்கு சார்?" என்று பதில் வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம்.

வீல் விஷயம் கொஞ்சம் நீளம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிம் பிரேக் வீல். அதாவது பிரேக் கட்டை நேராகக் கார்பன் மேலேயே உரசும். சென்னையில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, வருஷம் முழுக்க ஓட்டலாம். ஆனால் சைக்கிள்காரன் சென்னையில் மட்டுமா ஓட்டுவான்? ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு 20, கொல்லிமலை 70. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, இறக்கம் ஆயிரம் மீட்டர். அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி, பயந்து பயந்து பிரேக் பிடித்தபடியே இறங்குகிறவனுக்கு, ரிம்மில்தான் சேரும். அலுமினியம் சூட்டை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் அதே இடத்தில் வைத்துக்கொள்ளும், பிசின் இளகும், உள்ளே டியூபின் காற்றழுத்தம் வேறு வெளியே தள்ளும். ரிம்மின் சுவர் வீங்கும். அதனால்தான் பழைய ரிம் பிரேக் கார்பன் வீலைப் பார்த்தால் முதலில் விரலால் பிரேக் பட்டையைச் சுற்றி வருடுங்கள். ஓரிடத்தில் மேடு தட்டினால் வேண்டாம். பிரேக் கட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், கார்பனுக்கென்று உள்ள கட்டைதானா என்று. அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை மாட்டியிருந்தால், அதில் சிக்கிய உலோகத் துணுக்குகள் கார்பனை அரம் போல ராவியிருக்கும்.

டிஸ்க் பிரேக் வீல் என்றால் இந்தச் சூட்டுத் தொல்லையே இல்லை. டயரைக் கழற்றி விளிம்பில் விரிசல் இருக்கிறதா, ஸ்போக் துளைகளைச் சுற்றிக் கீற்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். நானே வாங்கியிருக்கிறேன். நம் சாலைப் பள்ளங்களையும், பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகளையும் அது என்னைவிட நன்றாகத் தாங்குகிறது.

ஃப்ரேமும் செகண்ட் ஹேண்டில் வாங்கித்தான் ஓட்டுகிறேன். ஒன்பது வருஷப் பழசு. அதைப் பார்க்கப் போன அன்றைக்கு விற்கிறவர் காபி கொடுத்து, அது ஆறிப்போய், இரண்டாவது காபியும் கொடுத்தார். அவ்வளவு நேரம் பார்த்தேன். விழுந்த அடையாளத்தை ஃப்ரேமில் தேடுவதற்கு முன்னால் சைக்கிளின் ஓரங்களில் தேட வேண்டும். பிரேக் லீவரின் முனை, பெடலின் வெளிப்பக்கம், சீட்டின் விளிம்பு, பின்சக்கர கியரை மாற்றும் டிரெய்லரின் முதுகு. ஒரே பக்கத்தில் இந்த நான்கிலும் உராய்வு இருந்தால் அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. பழைய சைக்கிளில் டேப் மட்டும் புதுசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, அதன் முனை டாப் ட்யூபில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். விழும்போது ஹேண்டில் சுழன்று சரியாக அந்த இடத்தில்தான் அறையும். அங்கே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், ஸ்டிக்கரை எடுக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அந்த வித்தை இங்கேயும் செல்லும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் "டக் டக்" என்று தெளிவாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் "பொத்" என்று அடங்கும். ட்யூபின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் சத்தமும் மாறும். ஆகவே இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிட்டுத் தட்டுங்கள். பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால், பிரிந்த இழை இருக்கிற இடத்தில் துணி மாட்டும். இவ்வளவும் செய்தாலும் உள்ளே இருப்பது முழுக்கத் தெரிந்துவிடாது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு: உப்பு. கார்பனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம். கடற்காற்று ஒரு பக்கம், வேர்வை இன்னொரு பக்கம். கொரோனா ஊரடங்கில் ட்ரெய்னரில் மாட்டி, ஃபேனுக்கடியில் வேர்வை சொட்டச் சொட்ட ஓட்டிய சைக்கிள்கள் இப்போது "வெளியே ஓட்டவே இல்லை" என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வருகின்றன. அந்த வாக்கியம் எனக்கு இரண்டு கிலோ உப்பு என்றுதான் கேட்கும். பாட்டில் கேஜ் திருகுகளைச் சுற்றி, பின்சக்கரம் மாட்டும் இடத்தைச் சுற்றி, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா பாருங்கள். சீட் போஸ்ட்டைக் கண் முன்னால் உருவிக் காட்டச் சொல்லுங்கள். உருவ வரவில்லை என்றால் அந்த ஃப்ரேமில் அலுமினிய போஸ்ட் பிடித்துக்கொண்டுவிட்டது. அதை எடுப்பதற்குள் உங்களுக்குப் பிராணன் போய்விடும். நியாயமாகச் சொன்னால் இந்த விஷயத்தில் ஹேண்டில்பார் மட்டும் கட்சி மாறுகிறது: டேப்புக்கு அடியில் வேர்வை அரித்து ஒடிந்துபோவது அலுமினிய ஹேண்டில்தான், கார்பன் துருவே பிடிக்காது. எதற்கும் டேப்பை உரித்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் புலம்புவது இதற்காகவும்தான்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. சைக்கிள்காரர்களிடையே "சைனாரெல்லோ" என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. பினரெல்லோ என்ற பிராண்டின் பெயர் எழுதிய, அந்தக் கம்பெனி பார்த்தே இராத ஃப்ரேம். சொந்தப் பெயரில் விற்கிற சீனக் கம்பெனி மீது எனக்குக் கோபமில்லை, பல நன்றாகவே செய்கின்றன. பெயரையே திருடுகிறவன் உள்ளே எத்தனை அடுக்குப் போட்டிருப்பான் என்பதுதான் கவலை. சீரியல் நம்பர், முதல் பில் இரண்டும் இல்லாத "பெரிய பிராண்ட்" சாமானைத் தொடாதீர்கள். அவை இருந்தாலும், வாழ்நாள் வாரண்டி என்பது பெரும்பாலும் முதல் சொந்தக்காரரின் வாழ்நாளுக்குத்தான்.

மறுநாள் தம்பியிடம் இதில் பாதியைச் சொன்னேன். மீதியை அட்டைப்பெட்டி சொன்னது. அந்த ஹேண்டில்பாரை நான் விற்கவில்லை. யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று ஹாக்ஸா பிளேடால் நடுவில் அறுத்து வைத்திருக்கிறேன். (அறுக்கிறவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத்துணி சுற்றி அறுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.) வெட்டுவாயில் அடுக்குகள் பிரிந்து நிற்பது பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரம் மாதிரித் தெரியும். அவன் கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விற்கிறவருக்கு போன் போட்டு, "வீல் மட்டும் தருவீங்களா, வந்து பார்த்து எடுத்துக்கிறேன்" என்றான். மூன்றும் சேர்த்துத்தான், வந்து பார்க்க நேரமில்லை, கூரியரில் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. அவன் விட்டுவிட்டான். புது அலுமினிய ஹேண்டில்பார் ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி மாட்டியிருக்கிறான். வித்தியாசம் நூறு கிராம்கூட வராது. மத்தியானம் ஒரு வடையைக் குறைத்தால் ஈடுகட்டிவிடலாம் என்றேன், முறைத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த விளம்பரத்தில் "விற்றாகிவிட்டது" என்று போட்டிருந்தார்கள். இருபத்தெட்டாயிரத்துக்கு ஹேண்டில்பார், ஃபோர்க், ரிம் பிரேக் வீல் மூன்றையும் சேர்த்து வாங்கியவர் தற்செயலாக இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் ஹேண்டில்பார் டேப்பை ஒரு தடவை முழுக்க உரித்துப் பாருங்கள். புது டேப் வாங்கும் செலவு என்னுடையது.